வலியைக் கேட்டு வாங்கியவள்

காலையில் எழுந்ததும் யாமினி மெய்காட்டியின் முன் நிற்பாள். திரை பச்சையானால் பல் துலக்கப் போகலாம். சிவப்பானால் உடம்பில் எங்கோ அடிபட்டிருக்கிறது என்று பொருள். மதுரையில் எல்லா வீடுகளிலும் பொழுது இப்படித்தான் விடிந்தது. பிறந்த குழந்தையின் தண்டுவடத்தில் வலித்தடுப்பி பொருத்துவது சட்டமாகி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. வலி எப்படி இருக்கும் என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

யாமினியின் அக்கா அங்கயற்கண்ணி பெண்கள் கபடி அணியின் பயிற்சியாளர். கால் எலும்பு முறிந்தது தெரியாமல் பாடிக்கொண்டே போகும் பெண்களை ஆட்டத்திலிருந்து இழுத்து வெளியே உட்காரவைப்பதில் பாதி வேலை போய்விடும். அப்படிப்பட்டவளின் கழுத்தெலும்பில் வளர்ந்த புற்றுக்கட்டியை மெய்காட்டி கண்டுபிடிக்கவில்லை. வலித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். இடது கை அரிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

தோலின் மேல் ஒரு பொட்டுத் தடிப்புகூட இல்லை. ஆனால் உள்ளே எறும்புகள் ஊர்வதாகச் சொல்லி அக்கா சொறிந்தாள். வலி தடுத்து நிறுத்தாததால் சதை கிழிந்தும் சொறிந்தாள். யாமினி அவள் கைகளில் பஞ்சுத் துணி சுற்றிக் கட்டினாள். அக்கா கையைச் சுவரில் தேய்த்தாள்.

"தோல்ல ஒண்ணுமே இல்லம்மா" என்றார் டாக்டர் ரஹ்மத்துன்னிசா. "கழுத்துல இருக்கிற கட்டி நரம்ப அழுத்துது. அந்த நரம்பு அரிக்குது அரிக்குதுன்னு மூளைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கு. அதான் களிம்பு எதுவும் கேக்கல."

கதிர்வீச்சில் கட்டி கொஞ்சம் சுருங்கியது. நரம்பை அமைதிப்படுத்தும் மாத்திரைகள் அவளை மயக்கத்தில் ஆழ்த்தின. மயக்கத்திலும் கை சொறிந்தது.

"வேற வழியே இல்லையா டாக்டர்?" என்று கேட்டாள் யாமினி.

டாக்டர் தயங்கினார். "அந்தக் காலத்துல சொறிஞ்சா லேசா வலிக்கும். தண்டுவடத்துல அந்த வலி அரிப்ப அமுக்கிடும். நமக்குத்தான் வலியே இல்லையே, எவ்வளவு சொறிஞ்சாலும் அடங்காது. வலித்தடுப்பிய அணைச்சா அரிப்பு குறையலாம். ஆனா எலும்புல இருக்கிற புற்றோட வலி மொத்தமும் வரும். அதுக்கான மருந்த இப்ப யாரும் தயாரிக்கிறதில்ல."

"வேணாம்க்கா" என்றாள் யாமினி.

"நீ சும்மா இரு. என் கைய நானே பிச்சு எடுத்துக்கிட்டிருக்கேன். ஒரு நிமிஷம்கூட வேற எதையும் நினைக்க முடியல." அக்கா டாக்டரின் பக்கம் திரும்பினாள். "அணைச்சிருங்க டாக்டர்."

அணைத்தார்கள். அக்கா நகத்தால் கையை மெல்லக் கீறினாள். முகம் சுருங்கியது. பல்லிடுக்கில் காற்றை உள்ளிழுத்தாள்.

"இதான் வலியா?" என்று கேட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. "அடங்குதுடி. அரிப்பு அடங்குது!"

அன்று மதியம் அவள் அசையாமல் தூங்கினாள். எழுந்து ரசம் சோறு கேட்டுச் சாப்பிட்டாள். தன் அணிப் பெண்களை வரச்சொல்லி, பிடி எங்கே தவறுகிறது என்று படுக்கையிலிருந்தே திட்டினாள். அந்த வாரம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பிறகு, கதிர்வீச்சில் சுருங்கிய கட்டி மறுபடி வளர, புற்றின் வலி வந்தது. அக்கா அலறியபோது தெருவே வாசலில் கூடியது. மனிதத் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தத்தை அவர்கள் கேட்டதில்லை. அதன்பின் யாரும் வரவில்லை. கபடிப் பெண்களும் வரவில்லை.

"தடுப்பிய திரும்பப் போடச் சொல்லவாக்கா?"

"வேணாம்டி. அரிப்புல நான் நானாவே இல்ல. இதுல இடையில இடையில நான் இருக்கேன்."

"எப்படிக்கா இருக்கு?"

"சொல்லத் தெரியல. சொன்னாலும் உனக்குப் புரியாது."

அதன்பிறகு யாமினி கேட்கவில்லை. வலி எழும்போதெல்லாம் அக்கா அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொள்வாள். பல்லைக் கடித்தபடி, அது தணியும்வரை விடமாட்டாள். யாமினிக்கு ஓர் அழுத்தம் மட்டும் தெரியும். அக்காவின் நெற்றி வியர்வையை மற்றக் கையால் துடைத்துவிடுவாள். அந்த நாட்களில் மெய்காட்டியின் முன் போய் நிற்கக்கூட அவள் எழுந்து போகவில்லை. மழை பெய்த ஒரு பிற்பகலில் அந்தப் பிடி தளர்ந்தது. மறுபடி இறுகவில்லை.

எல்லாம் முடிந்து வந்து குளிக்கும்போதுதான் யாமினி பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல்களும் கருநீலமாகப் பதிந்திருந்தன. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாள் அக்கா. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் யாமினிக்குத் தெரியவில்லை.

அந்தத் தடங்களின் மேல் தன் விரல்களை வைத்து, முழுப் பலத்தோடு அழுத்தினாள்.

வலிக்கவில்லை.