கிரகணம் விடும்வரை

காலை எட்டு மணிக்கு அந்த மஞ்சள் நூலுக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. ஒன்பதுக்கு ஒன்றுதான் நுழைந்தது.

செல்வகுமாரிக்கு அதை யோசிக்கவும் சலிப்பாக இருந்தது. எட்டு மாத வயிறு, வீங்கிய பாதங்கள், மூன்று நாளாக விடாத தலைவலி. சூரிய கிரகணம் விடும்வரை பிள்ளைத்தாச்சி மேல் வெளிச்சம் படக்கூடாது என்று மாமியார் அம்சவள்ளி, அருகம்புல் முடிந்த நூலை அவள் வயிற்றைச் சுற்றிக் கட்டி, உள்ளறையில் பாய் விரித்து, சன்னலில் பழைய புடவையைச் செருகி, போனையும் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். புருஷன் கலைச்செல்வன் கம்பெனியில் காலை ஷிப்டு. மறுத்துப் பேசியிருக்கலாம். கல்யாணமான நாளாக மறுத்துப் பேசி ஓய்ந்துபோயிருந்தாள்.

நெல் மூட்டைகளின் புழுக்க வாசனையும் ஈரச் சாக்கின் நாற்றமும் மூச்சில் ஒட்டின. சுவருக்கு அப்பால் கரும்புத் தோகைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருந்தன. தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே விழுந்த வெளிச்சப் பொட்டுகள் வட்டமாக இல்லாமல், கடித்த அப்பளம் போல ஓரம் குறைந்து, அவள் பார்க்கப் பார்க்க மெலிந்துகொண்டிருந்தன.

தொடைக்கு நடுவே ஈரம். சிறுநீராக இருக்கும் என்று கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தாள். பிறகு தொட்டுப் பார்த்து, விரல்களை ஒரு வெளிச்சப் பொட்டுக்குக் கீழே நீட்டினாள்.

கருஞ்சிவப்பு.

“அத்த.”

கதவு ஒரு சாண் திறந்தது. “இன்னாடி?”

“ரத்தம் வருது அத்த. ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

அம்சவள்ளி குனிந்து பார்த்தாள். பாவாடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. “இம்மாத்தூண்டுதானா? மூணாம் மாசமும் இப்டித்தான பயமுறுத்துன. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரி வரைக்கும் ஆட்டோ வச்சினு ஓடுனோம். ஸ்கேன் எடுத்துப் பாத்து ஒண்ணுமில்லன்னு அனுப்பல?”

“அது வேற அத்த. லில்லி சிஸ்டர் சொன்னாங்க…”

“கெரகணத்துல வூட்ட வுட்டு எறங்கி, புள்ளைக்கு ஒதடு பொளந்துச்சின்னா உன் லில்லியா வந்து தெச்சுக் குடுப்பா? பதினொன்னேகாலுக்கு வுட்டுடும். தல குளிச்சிட்டு ராணி மாதிரி போவலாம். படு.”

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. கூடத்தில் டிவியின் சத்தம் கூடியது. கிரகணத்தை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

லில்லி கிராம செவிலியர். போன வாரம் பிரஷர் பார்த்த பட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னது இப்போது ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. “பிரஷர் ஏறிக் கெடக்குதும்மா. இனிமே ஒரு சொட்டு பட்டாலும் ஒடனே வந்துரு. நஞ்சுக்கொடி கீழ எறங்கி இருந்தா வலியே இல்லாம கொட்டும். முன்னாடியே பிச்சிக்கினா வயிறு கல்லாயிடும், ரத்தம் உள்ளயே தேங்கும். வெளிய வர்றத வச்சி கணக்குப் போடாத.”

வலி வந்தது. அலைபோல் வந்து போகிற வலி இல்லை. வந்தது, தங்கிவிட்டது.

வயிற்றில் கை வைத்தாள். பலகை. விரலால் அழுத்தினாள். அமுங்கவில்லை. எங்கே அழுத்தினாலும் பதிலுக்கு ஓர் உதை வரும். அவள் காத்திருந்தாள். காலையில் இட்லி தின்னும்போது உதைத்தது. அதற்குப் பிறகு?

காக்கைகள் அடங்கின. கரும்பும் அடங்கியது. தரையில் வெளிச்சப் பொட்டுகள் நகத்துணுக்குகளாக இருந்தன.

நூல் தோலுக்குள் இறங்கியிருந்தது. நகம்கூட நுழையவில்லை.

நூல் சுருங்கவில்லை. வயிறு ஏறுகிறது.

பாயைத் தடவிப் பார்த்தாள். கறை பெரிதாகவில்லை. அப்போதுதான் உண்மையாகவே பயந்தாள்.

உள்ளே. உள்ளேயே நிரம்புகிறது.

“அத்த.” டிவியில் யாரோ கை தட்டினார்கள். கதவு வரை ஊர்ந்தாள். தட்டினாள். தனக்கே கேட்கவில்லை. நெற்றியில் குளிர்ந்த வேர்வை. காதில் இரைச்சல்.

உதை. ஒரே ஒரு உதை. போதும்.

இல்லை.

பிறகு தாழ்ப்பாள் திறந்தது. அம்சவள்ளியும் பக்கத்து வீட்டு ஜெயாவும் அவளைத் தோளில் தாங்கிப் பாயில் படுக்க வைத்தார்கள். சன்னலில் செருகியிருந்த புடவையை உருவியதும் அறை முழுக்க வெயில்.

“பாத்தியா, ரத்தம் நின்னுடுச்சி. இதுக்குப் போயி ஆட்டோவாம்” என்றாள் அம்சவள்ளி. முடிச்சு அவிழவில்லை. குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சிவந்த தடத்தைத் தேய்த்துவிட்டுச் சிரித்தாள். “ஒரே காலையில எம்மாம் வளந்துட்டான் பாரு ஜெயா.”

ஜெயா கை வைத்தாள். “கல்லு மாதிரி கெட்டியா கீறான்க்கா.”

செல்வகுமாரியின் வெளுத்த உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

அம்சவள்ளி வயிற்றில் காதை வைத்தாள். வெகு நேரம் வைத்திருந்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்து, டிவியை நிறுத்தும்படி ஜெயாவுக்குச் சைகை காட்டினாள்.

“சத்தம் போடாத. புள்ள அசந்து தூங்குது.”

இருவரும் நுனிக்காலில் நடந்து வெளியேறி, கதவை ஓசையில்லாமல் சாத்தினார்கள்.