இருபதாம் கோடு

காலை ஒன்பதரை மணி. பேகம்பூர்.

தேநீர்க் கோப்பையோடு அறைக்குள் போன ஜெய்தூன் பீவி, கணவர் கண்ணயர்ந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் தோல் மண்டி முகமது பாரூக் பகலில் தூங்கி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. தோளைத் தொட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தும் பார்வை எதன்மேலும் நிற்கவில்லை. கோப்பை தரையில் விழுந்து உடைந்தது.

பத்து மணிக்கு மருத்துவமனையில் விரல் நுனியைக் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை இருபத்தெட்டுக்கு இறங்கியிருந்தது.

பதினோரு மணிக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே, ஃபர்ஹீன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். பாரூக்கின் மூத்த மகன் அல் அமீன் காவல் நிலையத்தில் புகார் சொல்லி அவளை வரவழைத்திருந்தார். ஃபர்ஹீன் பட்டப்படிப்பு முடித்த நர்ஸ். துபாயில் வேலை பார்ப்பதற்கான லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று வார்டு வேலையை விட்டிருந்தாள். காலையும் மாலையும் பாரூக்குக்கு இன்சுலின் போடுவது மட்டும்தான் இப்போதைக்கு அவள் வேலை. வெள்ளிக்கிழமை சென்னையில் பரீட்சை. பெயரில் ஒரு வழக்கு விழுந்தால் பரீட்சையில் முதலாவதாகத் தேறினாலும் லைசென்ஸ் கிடைக்காது.

சப்-இன்ஸ்பெக்டர் பேச்சாயி எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கேள்வி கேட்டுவிட்டு அப்படியே மௌனமாகிவிடுவது அவர் வழக்கம். பெரும்பாலானவர்கள் அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல் எதையாவது கொட்டிவிடுவார்கள். ஃபர்ஹீன் கொட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், நிறுத்தினாள், நேராகப் பார்த்தாள்.

"காலையில என்ன செஞ்ச? வரிசையாச் சொல்லு."

"ஏழு மணிக்குப் போனேன் மேடம். சுகர் பாத்தேன், நூத்தி எழுபது. பழைய பாட்டில் நேத்தோட தீந்துபோச்சு. ஃப்ரிட்ஜ்ல புதுசு ரெண்டு இருந்துச்சு. ஒண்ண எடுத்தேன். உள்ளங்கையில வச்சு உருட்டுனேன். சிவப்பு மூடி ஊசியில இருபதாவது கோடு வரைக்கும் இழுத்தேன். வயித்துல போட்டேன். மருந்தச் சட்டியில வச்சேன். மாமா அஞ்சு இடியாப்பம் சாப்ட்டு முடிக்கிற வரைக்கும் இருந்து பாத்துட்டுக் கெளம்புனேன்."

"இருபதுதான் இழுத்தியா?"

"இருபதுதான்."

"ஏம்மா, எப்பப் பாத்தாலும் கையில பொஸ்தகம்!" அல் அமீன் பாய்ந்தார். "நாலு விடையில எது சரின்னு வாய்க்குள்ளயே முணுமுணுத்துக்கிட்டுத் திரியுறா மேடம். நீ படிச்சுப் பாக்குறதுக்கு எங்கத்தா ஒடம்புதான் கெடச்சுச்சா?"

"பொஸ்தகம் பைக்குள்ள இருந்துச்சுண்ணே. ஊசி போடுறப்ப நான் ஊசியத்தான் பாப்பேன்."

"வாயப் பாருங்க மேடம்!"

"கேட்டீங்க, சொன்னேன்."

இளைய மகன் இஷாக் அண்ணனின் தோளில் கை வைத்து உட்கார வைத்தான். துபாயில் மருந்துக்கடையில் வேலை. போன வாரம்தான் விடுப்பில் வந்திருந்தான். பாரூக் குடும்பத்தில் குரலை உயர்த்தாத ஒரே ஆள் அவன்தான்.

"சிஸ்டர், கோவப்படாதீங்க," என்றான். "கை தவறுறது யாருக்கும் வரும். 'கவனக்குறைவா அளவு கூடிப்போச்சு'ன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க. அண்ணன் புகார வாபஸ் வாங்கிடுவாரு. அங்க ரெக்கார்டு எவ்வளவு சுத்தமா இருக்கணும்னு எனக்குத் தெரியும். ஒங்களுக்காகத்தான் சொல்றேன்."

"கூடலன்னு சொல்றேன். கூடிப்போச்சுன்னு எப்படி எழுதுவேன்?"

பேச்சாயி பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த சின்னக் கண்ணாடிக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். விரல்களுக்கு மேலே மூடியும் தோள்பகுதியும் மட்டுமே தெரிந்தன. "போட்டது இதத்தானே?"

"இந்தக் கம்பெனிதான்."

"இது எங்க இருந்துச்சு?" பேச்சாயி ஆண்கள் பக்கம் திரும்பினார்.

"டாக்டர் கேட்டாருன்னு நான்தான் வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்தேன் மேடம்," என்றான் இஷாக். "ஃப்ரிட்ஜ் கதவுல இருந்துச்சு. நாப்பது யூனிட் மருந்துதான், நான் செக் பண்ணிட்டேன். மருந்துல ஒரு கொறையும் இல்ல."

ஃபர்ஹீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சிகிச்சைப் பிரிவின் கதவு திறந்தது. ஐரின் எட்டிப் பார்த்தாள். அங்கே வேலை பார்க்கும் நர்ஸ். ஃபர்ஹீனோடு ஒரே அறையில் தங்கி அதே பரீட்சைக்குப் படிப்பவள்.

"ரெண்டாவது தடவையும் குளுக்கோஸ் ஏத்தியாச்சு," என்றாள் அல் அமீனைப் பார்த்து. "ஏறுது, மறுபடி இறங்குது. டாக்டருக்கே புரியல. வேற எதும் மாத்திரை குடுத்தீங்களா?"

"ஒண்ணும் குடுக்கலயே!"

கதவு மூடிக்கொண்டது. ஃபர்ஹீன் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. நேற்று இரவு ஐரின் இட்லி மாவைக் கரைத்துக்கொண்டே கேட்ட கேள்வியைப் போலத்தான் இருந்தது இதுவும். மருந்து போட்ட நோயாளி மயங்குகிறார். காரணம் எது? சாப்பிடவில்லை என்பது முதல் விடை. அவள் கண்ணெதிரே ஐந்து இடியாப்பம் சாப்பிட்டார். தள்ளு. அளவுக் கோடு தவறியது என்பது இரண்டாவது. தன் கண்ணை அவளால் சந்தேகிக்க முடியும். ஆனால் இருபதைத் தாண்டி இழுத்திருந்தால் ஊசி கண்ணுக்கே நிறைந்து தெரிந்திருக்கும். காலையில் பாதிக் குழாய்தான் நிறைந்திருந்தது, நன்றாக நினைவிருக்கிறது. தள்ளு. வேறு யாரோ இன்னொரு ஊசி போட்டார்கள் என்றால், அவரோடு வீட்டில் இருந்தது ஜெய்தூன் பீவி மட்டும். ஊசியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர். தள்ளு.

மிச்சம் ஒரே ஒரு விடை. குழாயில் இருந்த பாதியளவு, அவள் நினைத்த பாதியளவு அல்ல.

அடுத்து இஷாக் சொன்னதில் இரண்டு இடங்கள் உறுத்தின. ஃப்ரிட்ஜ் கதவு. நாற்பது யூனிட். அதுவரை அந்த இடத்தில் யாருமே மருந்தின் வீரியத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது அவள் எவ்வளவு இழுத்தாள் என்றுதான்.

"மேடம், ஒங்ககிட்ட செத்த நேரம் தனியாப் பேசணும்."

"எழுதிக் குடுக்கப் போறியா?"

"இல்ல. என்னய பேகம்பூருக்குக் கூட்டிட்டுப் போகணும். இப்பவே."

பேச்சாயி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.  பிறகு எழுந்து ஜீப் சாவியை எடுத்தார்.

ஜீப் தெருவுக்குள் நுழையும்போது ஃபர்ஹீன் சொன்னாள்: "காலையில நான் வரிசையாச் சொன்னேன்ல மேடம், அதுல நீங்க ஒண்ண விட்டுட்டீங்க. தொறந்த மருந்த நான் ஃப்ரிட்ஜ்ல வைக்கிறதே இல்ல. சில்லுனு ஊசி ஏறுனா மாமாவுக்கு வலிக்கும், ஏசுவாரு. தொறக்காததுதான் ஃப்ரிட்ஜ்ல இருக்கும். தொறந்தது அவரு கட்டிலுக்கு அடியில, மண்சட்டியில ஈர மணலுக்கு மேல இருக்கும். அப்ப ஃப்ரிட்ஜ்லருந்து வந்த அந்த பாட்டில் நான் போட்டது இல்ல."

வீட்டில் ஜெய்தூன் பீவி தொழுகை விரிப்பிலேயே உட்கார்ந்திருந்தார். ஃபர்ஹீனைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"என்ன காரியம் பண்ணிட்ட புள்ள?"

"மாமி, ஏசுறத அப்பறம் ஏசுங்க. ஃப்ரிட்ஜ்ல புது மருந்து ரெண்டு வச்சது யாரு?"

"நான் வாங்கல. இசாக்கு வந்தன்னிக்கு சாக்லேட்டு, தைலம்னு என்னென்னமோ ரொப்புனான்."

"இன்னிக்கு மருந்து எடுக்க வந்தது யாரு?" என்றார் பேச்சாயி.

"அவந்தான். ஃப்ரிட்ஜத் தொறந்தான். அப்பிடியே செலையா நின்னான். பெறகு இந்த ரூம்புல வந்து மேசை, அலமாரின்னு தேடுனான். ஒண்ணுஞ் சொல்லாம வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான்."

"கட்டிலுக்கு அடியில பாத்தாரா?"

"அங்கன சட்டி இருக்குறது அவனுக்கு எப்பிடித் தெரியும்? வந்து ஒரு வாரந்தான ஆகுது."

ஃபர்ஹீன் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து மண்சட்டியை இழுத்தாள். மூடியைத் திறந்து, மணல்மேல் இருந்த டப்பாவிலிருந்து குப்பியை எடுத்தாள். அதே கம்பெனி, அதே பெயர், அதே நிறப் பட்டை. ஆங்கிலப் பெயருக்குக் கீழே அரபி எழுத்து. காலையில் அதையும் பார்த்திருந்தாள். தைலத்திலிருந்து பால் பவுடர் வரை எல்லாவற்றிலும் அரபி எழுத்து இருக்கும் வீடு அது. அதற்கும் கீழே இருந்தது அந்த எண்.

ஒரு மில்லிக்கு நூறு யூனிட்.

இந்த ஊர்க் குப்பியில் நாற்பதுதான் இருக்கும். சிவப்பு மூடி ஊசியின் கோடுகள் அந்த நாற்பதுக்காகப் போடப்பட்டவை. அதே ஊசியில் நூறை இழுத்தால் இருபதாம் கோட்டில் நிற்பது இருபது அல்ல, ஐம்பது.

அந்த எண்ணை அவள் இன்னொரு முறை படித்தாள். காலையில் இந்த நூறை அவள் பார்க்காமல் இல்லை. பெயர் பார்த்தாள், காலாவதித் தேதி பார்த்தாள், நூறையும் பார்த்தாள். ஆறு மாதமாகப் படித்த அயல்நாட்டுப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் இன்சுலின் என்றால் நூறுதான். கண்ணுக்குப் பழகிய எண். பழகிய எண்ணிடம் கண் கேள்வி கேட்கவில்லை.

பேச்சாயி வாசற்படியில் நின்றிருந்தார். இன்னும் யாரும் அந்த எழுத்தைப் படிக்கவில்லை.  ஃபர்ஹீன் எழுந்தாள். எழுத்து மேலே தெரியும்படி குப்பியை நீட்டினாள். மறு கையால் கைபேசியில் ஐரினை அழைத்தாள்.

"ஐரின், டாக்டர்கிட்டச் சொல்லு. உள்ள போனது அம்பது யூனிட். இருபது இல்ல, அம்பது. கலப்பு மருந்து, சாயங்காலம் வரைக்கும் இழுக்கும். குளுக்கோஸ நிறுத்த வேணாம்."

"அம்பதா? ஏடி!"

"ரத்தத்துல பொட்டாசியம் கொறஞ்சிருக்கான்னும் பாக்கச் சொல்லு. ஓடுடி!"

மதியம் ஒரு மணிக்கு, மருத்துவமனையில் காலியாக இருந்த ஓர் அறையில் எல்லோரும் நின்றிருந்தார்கள். பேச்சாயி மேசைமேல் இரண்டு குப்பிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்று நாற்பது. ஒன்று நூறு.

"நீ சொல்லும்மா," என்றார்.

ஃபர்ஹீன் இஷாக்கை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"துபாயிலருந்து ரெண்டு பாட்டில் கொண்டாந்தீங்க. ஃப்ரிட்ஜ்ல வச்சீங்க. அது தப்பில்ல, பிரியமாத்தான் செஞ்சீங்க. இன்னிக்கு டாக்டர் கேட்டதும் வீட்டுக்குப் போனீங்க. ஃப்ரிட்ஜ்ல ஒண்ணுதான் இருந்துச்சு. நின்ன எடத்துலயே ஒங்களுக்குப் புரிஞ்சிருச்சு. இன்னொண்ணத் தேடுனீங்க, கெடைக்கல. மிச்சமிருந்தத மறைச்சுட்டு, கடையில இந்த நாப்பத வாங்கி மூடியத் தொறந்து, கொஞ்சம் இழுத்துக் கொட்டிட்டு இங்க கொண்டாந்தீங்க. மருந்து நாப்பதான்னு ஒருத்தரும் கேக்கல. நீங்களாச் சொன்னீங்க. ஏன்னா ஒங்க மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்தது அது ஒண்ணுதான்."

"ஏலே, இசாக்கு?" அல் அமீனின் குரல் உடைந்தது.

இஷாக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "அத்தாவுக்குனு ஆசையாத்தான் எடுத்துட்டு வந்தேன். அதுக்கான ஆரஞ்சு மூடி ஊசியும் வாங்கினேன். சூட்கேஸ்லயே கெடக்கு. சொல்ல மறந்துட்டேன்."

"மறந்தா ஒத்துக்க வேண்டியதுதானே?" என்றார் பேச்சாயி.

"துபாய்க் கடையில கேக்காம எடுத்த மருந்து மேடம். பாட்டில் நம்பர வச்சுக் கண்டுபுடிச்சா வேலை போயிரும். லைசென்ஸும் போயிரும்."

"என் லைசென்ஸ் போனாப் பரவால்லயா?" ஃபர்ஹீனின் குரல் உயரவில்லை. "அத விடுங்க. ஒங்க அத்தாவுக்கு ஏன் திரும்பத் திரும்ப இறங்குதுன்னு இந்தக் கட்டடத்துல ஒங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். ரெண்டு மணி நேரம் வாய மூடிக்கிட்டு நின்னீங்க. எனக்கு லெட்டர் எழுதச் சொல்லிக் குடுத்தீங்க."

 அல் அமீன் நெற்றியைத் தேய்த்தார். ஃபர்ஹீனின் அருகே வந்து, முதல்முறையாகத் தணிந்த குரலில் பேசினார்.

"இந்தாம்மா. நான் பேசுனது தப்புத்தான். புகார வாபஸ் வாங்கிக்கிறேன். அத்தா பொழச்சிருவாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ இந்தச் சட்டியப் பாக்கலன்னு வச்சுக்குவோம். ஒனக்கும் கேஸ் இல்ல, அவனுக்கும் இல்ல. வெள்ளிக்கிழமை நிம்மதியாப் போயி பரீட்சை எழுது."

"காலையில செய்யாததச் செஞ்சேன்னு எழுதச் சொன்னீங்க. இப்பப் பாத்ததப் பாக்கலன்னு சொல்லச் சொல்றீங்க. ஒங்க குடும்பத்துக்கு எப்பவும் நான்தான் பொய் சொல்லணுமாண்ணே?"

அவள் பேச்சாயி பக்கம் திரும்பினாள். "எழுதுங்க மேடம். நடந்தத எல்லாத்தையும். என் பங்கையும் சேத்து."

"உன் பங்கா?"

"நூறுன்னு அதுல போட்டிருந்துச்சு. நான் பாத்தேன்."

பேச்சாயி பேனாவை மூடினார். அவருடைய மௌனங்களிலேயே நீளமானது இதுதான்.

"இத நீ சொல்லலன்னா யாருக்கும் தெரியாது புள்ள. எழுதிட்டா, லைசென்ஸ் குடுக்குறவங்க கேப்பாங்க."

"கேக்கட்டும். பதில் சொல்றேன். அவரு மறைச்சதுக்கும் நான் விட்டதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு எழுத்துல இருக்கணும். நான் மறைச்சா அந்த வித்தியாசமும் போயிரும்."

பேச்சாயி பேனாவைத் திறந்தார். நிதானமாக எழுதினார். முடித்துவிட்டு வாசித்துக் காட்டினார். "...குப்பியில் இருந்த வீரிய அளவை நான் கவனிக்கவில்லை."

"அது வேணாம் மேடம். அது கொஞ்சம் சலுகை. 'கண்டேன், சந்தேகப்படவில்லை'ன்னு எழுதுங்க."

 பேச்சாயி அந்த வரியை அடித்துவிட்டு, அவள் சொன்னபடியே எழுதினார். ஃபர்ஹீன் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்தபோது ஐரின் தாழ்வாரத்தில் காத்துக்கொண்டிருந்தாள். "சுகர் நூத்திப் பத்து. நிக்குதுடி. கண்ணத் தொறந்து, 'தேத்தண்ணி எங்க'ன்னு கேட்டாரு." ஃபர்ஹீனின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "வெள்ளிக்கிழமை போறியா?"

"போறேன்," என்றாள் ஃபர்ஹீன். "லைசென்ஸ் குடுக்குறவங்க வேணாம்னு சொல்லட்டும். நானா விலகி நிக்க மாட்டேன்."