சுள்ளியின் புதிர்ப்பெட்டி

மணி நாலரை. சுள்ளி பள்ளிக்கூடப் பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

கூடத்தின் நடுவில் தம்பி உட்கார்ந்திருந்தான். மடியில் அவளுடைய புதிர்ப்பெட்டி. முகம் கொள்ளாத சிரிப்பு.

"அக்கா, சரி பண்ணிட்டேன்" என்றான்.

அவனுக்கு ஆறு வயது. சட்டைப் பட்டனை ஒருநாளும் சரியான ஓட்டையில் போட்டதில்லை. அதனால் வீட்டில் அவனுக்குப் பட்டன் என்றே பெயர். அவளுக்குப் பதினொன்று. ஆள் ஒல்லி, சட்டென்று பற்றிக்கொள்வாள். அதனால் அப்பா அவளைச் சுள்ளி என்று கூப்பிடுவார்.

சுள்ளி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

உண்மையில் அது ஒரு செருப்புப் பெட்டியின் மூடி. அட்டையைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, நிற்கவைத்து, பசை தடவி, அதற்குள் சுவர் சுவராக ஒட்டியிருந்தாள். ஒரு மூலையில் இரும்புக் குண்டை விட வேண்டும். மூடியை இப்படியும் அப்படியும் சாய்க்க வேண்டும். குண்டு சந்து பொந்தெல்லாம் நுழைந்து எதிர்மூலையில் இருக்கும் ஓட்டையில் விழ வேண்டும். நடுவில் முட்டுச்சந்துகள் இருந்தன. ஒவ்வொரு முட்டுச்சந்தையும் அவள் யோசித்து யோசித்துக் கட்டியிருந்தாள்.

இப்போது ஒரு முட்டுச்சந்துகூட இல்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நேராக ஒரே பாதை. பிய்த்த சுவர்களைப் பட்டன் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தான்.

"குண்டு போற வழியில நிறைய அடைச்சிருந்துச்சுக்கா. எல்லாத்தையும் எடுத்துட்டேன். இப்போ பாரு."

மூடியைச் சாய்த்தான். குண்டு ஓடிப்போய் ஓட்டையில் விழுந்தது. டொக்.

சுள்ளிக்கு உச்சந்தலைவரை ஏறியது. கத்துவதற்கு வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

உள்ளறையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தால் பகலில்தான் தூக்கம். அம்மா தூங்கும்போது இந்த வீட்டில் யாரும் கத்தக் கூடாது. வீடே பற்றி எரிந்தாலும் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும் என்பார் அப்பா.

அதனால் சுள்ளி கிசுகிசுவென்று கத்தினாள்.

"எதுக்குடா தொட்ட?"

"கஷ்டமா இருந்துச்சுக்கா." அவனும் கிசுகிசுத்தான்.

"கஷ்டமா இருக்கணும்டா. அதுக்குத்தான் கட்டினது. சுவரைத் தொட்டா அது ஆட்டமே இல்ல. அறிவு இருக்கா உனக்கு?"

"இருக்கு."

"எங்க இருக்கு?"

பட்டன் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையைத் தொட்டுக் காட்டினான்.

மறுநாள் வகுப்பில் அவரவர் கையால் செய்ததைக் கொண்டுபோய் மேசைமேல் வைக்க வேண்டும். ஒரு ராத்திரியில் என்னத்தைக் கட்ட முடியும்?

அம்மா எழுந்து வந்தார். மூடியைப் பார்த்தார். "அடடா" என்றார். பிறகு, "சின்னப் பிள்ளைதானே, தெரியாம பண்ணிட்டான். விடு" என்றார்.

அப்பா செருப்புக் கடையிலிருந்து வந்தார். அங்கே அவர் விற்பனையாளர். "சின்னப் பிள்ளைதானே, விடும்மா. நாளைக்கு வேற பெட்டி கொண்டுவரேன். பூட்ஸ் பெட்டி, பெருசு."

சுள்ளிக்குப் பெட்டி வேண்டாம். ஆமாம், கோபம் வரத்தான் செய்யும் என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும். ஒருவரும் சொல்லவில்லை. அவள் தன்னந்தனியாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அதையே கொண்டுபோனாள். பக்கத்து பெஞ்சுக்காரி குண்டை விட்டுப் பார்த்தாள். டொக்.

"இது புதிர்ப்பாதையா, நெடுஞ்சாலையா?"

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "பரவாயில்ல, முயற்சி பண்ணியிருக்க" என்றார். அதற்கு அவரும் சிரித்திருக்கலாம்.

அன்று மாலை பூட்ஸ் பெட்டி வந்தது. சுள்ளி அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கோபத்தில் கை நன்றாக ஓடியது. அட்டையை வெட்டினாள். அடியில் விரலளவு மடித்தாள். மடிப்பில் பசை தடவி அழுத்திப் பிடித்தாள். ஒட்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வளைவு வைத்தாள். முட்டுச்சந்து வைத்தாள். இந்த முறை சுரங்கமும் வைத்தாள். பாதைக்கு மேலே அட்டையால் கூரை போட்டால் சுரங்கம். உள்ளே குண்டு போவது கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும்.

கடைசிச் சுரங்கத்தைத் தாண்டித்தான் ஓட்டை. அந்தச் சுரங்கத்துக்குக் கூரை போடுவதற்கு முன்னால், உள்ளே குறுக்காக ஒரு சுவர் ஒட்டினாள். அதன்மேல் கூரையை மூடினாள்.

இரும்புக் குண்டை விட்டுப் பார்த்தாள். எல்லாச் சுரங்கத்திலும் நுழைந்து வெளியே வந்தது. கடைசிச் சுரங்கத்துக்குள் போனது. டக். போன வழியே திரும்பி வந்தது.

அவள் இதுவரை கட்டியதிலேயே அழகான பெட்டி அதுதான். வழி மட்டும் கிடையாது.

"பட்டன், இது உனக்குத்தான்." குரலில் தேன் ஒழுகியது.

பட்டன் பெட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "எனக்கா? எனக்கே எனக்கா?"

"உனக்கேதான். வழியைத் தேடிப் பாரு."

அவன் தன்னிடம் இருந்த ஒரே கோலிக்குண்டை, பச்சைக் கோலியை, பெட்டிக்குள் விட்டான். தேட ஆரம்பித்தான்.

முதல் நாள் சுள்ளிக்கு ஆனந்தமாக இருந்தது. டக் என்று கேட்கும்போதெல்லாம் பாடப் புத்தகத்துக்குப் பின்னால் சிரித்துக்கொண்டாள்.

அவன் சாப்பிடும்போது பெட்டி தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. குளிக்கப் போனால் குளியலறை வாசலில் இருந்தது. தூக்கத்தில்கூடக் கையை இப்படியும் அப்படியும் சாய்த்தான்.

"இந்தப் பக்கம் போகக் கூடாதுடா தங்கம். அங்க முட்டுச்சந்து." கோலியிடம் பேசினான். டக். "பாத்தியா, சொன்னேன்ல?"

"முடியலேன்னா விட்டுடு" என்றாள் சுள்ளி ஒருநாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"முடியும்க்கா. உள்ள ஏதோ திருப்பம் இருக்கு. நான்தான் சரியா சாய்க்கல." அவன் தலையைத் தூக்கவில்லை. "நான் சுவரைத் தொடவே இல்ல, தெரியுமா? நீதான சொன்ன, தொட்டா ஆட்டமே இல்லன்னு."

அதன் பிறகு டக் என்று கேட்டபோது சுள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்காகவும் அவன்மேல் கோபம் வந்தது.

விடுமுறை நாள் ஒன்றில், பிற்பகலில், கதவை யாரோ நகத்தால் சுரண்டினார்கள்.

மாடிவீட்டுப் பையன். பன்னிரண்டு வயது. எதையெடுத்தாலும் வாதாடுவான் என்பதால் கட்டடம் முழுக்க அவனை வக்கீல் என்றுதான் கூப்பிட்டது. அம்மா தூங்கும் நேரம் அவனுக்கும் தெரியும். கிசுகிசுப்பாகவே வழக்கைத் தொடங்கினான்.

"உன் தம்பி என்னைக் கடிச்சுட்டான்."

பட்டன் அவனுக்குப் பின்னாலிருந்து பெட்டியோடு நுழைந்து சுள்ளியின் பக்கம் வந்து நின்றான். "நான் கடிக்கல."

வக்கீல் கையை நீட்டினான். "தடம் இருக்கு. நடுவுல ஒரு இடைவெளி, பாரு. இந்தக் கட்டடத்துல முன்பல்லு இல்லாத ஆளு ஒருத்தன்தான்."

பட்டன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

"எதுக்குடா கடிச்ச?" என்றாள் சுள்ளி.

"உன்னைப் பொய்க்காரின்னு சொன்னான்."

"பொய்க்காரின்னு சொல்லல. உங்கக்கா உன்னை ஏமாத்திட்டான்னு சொன்னேன். ரெண்டும் வேற." வக்கீல் பையிலிருந்து ஒரு விளக்குமாற்றுக் குச்சியை எடுத்தான். "இதைக் கடைசிச் சுரங்கத்துக்குள்ள விட்டுப் பார்த்தேன். உள்ள சுவர். இந்தப் பெட்டியில வழியே கிடையாது."

"குச்சிக்கு எப்படி வழி தெரியும்?" என்றான் பட்டன்.

"பந்தயம் கட்டியிருக்கோம். வழி இருந்தா என் விசில் அவனுக்கு. இல்லேன்னா அவனோட பச்சைக் கோலி எனக்கு. பெட்டியைக் கட்டினது நீ. நீயே சொல்லு."

இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குச்சி எங்கேயோ இடித்திருக்கும் என்று சொல்லிவிடலாம். பிறகு யாரும் பார்க்காதபோது கூரையைத் தூக்கி அந்தச் சுவரைப் பிய்த்துவிட்டால் வேலை முடிந்தது. கோலி பிழைக்கும். விசிலும் கிடைக்கும். கடியும் வாங்கி, விசிலையும் கொடுத்துவிட்டு வக்கீல் படியேறிப் போவான்.

சுள்ளி தம்பியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள்மேல் முதுகைச் சாய்த்து, முஷ்டியை மடக்கி, வக்கீலை முறைத்துக்கொண்டிருந்தான். அக்காவின் பதில் என்ன என்று திரும்பிப் பார்க்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

இப்படியா ஒருவன் நம்புவான்? அவளுக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது அவன்மேல் இல்லை என்று தெரிந்தது.

"வழி இல்ல" என்றாள்.

முதுகிலிருந்த சாய்வு போனது.

"நான்தான் அடைச்சு வச்சேன். வக்கீல் சொல்றது சரி."

ஜெயித்த வக்கீலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குச்சியைப் பைக்குள் வைத்தான். மறுபடி எடுத்தான்.

சுள்ளி உள்ளே போய் இரும்புக் குண்டைக் கொண்டுவந்தாள். தெருமுனை மெக்கானிக் மாமா பழைய பேரிங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அப்படி வழுக்கிக்கொண்டு ஓடும் குண்டு அந்தத் தெருவில் வேறு யாரிடமும் இல்லை.

"கோலிக்குப் பதிலா இதை எடுத்துக்க. தப்பு அவன்மேல இல்ல."

வக்கீல் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "செல்லும்" என்றான். ஒரு படி ஏறியவன் நின்றான். "கடிச்ச கேஸ வாபஸ் வாங்கிக்கிறேன்." போய்விட்டான்.

பட்டன் பெட்டியைத் தரையில் வைத்தான்.

"தெரிஞ்சேதான் அடைச்சியா?"

"தெரிஞ்சேதான்."

"நான் தேடிக்கிட்டே இருந்தேன். நீ பார்த்துக்கிட்டே இருந்த."

"ஆமா."

"போடீ!"

அது கிசுகிசுப்பு இல்லை. கட்டடமே கேட்கும்படியான சத்தம். உள்ளறைக் கதவு திறந்தது. கலைந்த தலையோடு அம்மா நின்றார்.

"என்ன நடக்குது இங்க?"

பட்டன் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னான். கடித்ததை மட்டும் விட்டுவிட்டான்.

அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டார். "சரிடா, உங்கக்காதானே. விளையாட்டுக்குப் பண்ணியிருப்பா. விடு."

"விளையாட்டுக்கு இல்லம்மா" என்றாள் சுள்ளி. "அவன் என் பெட்டியைப் பிச்ச கோபத்துல பண்ணினேன். அவனை விடச் சொல்லாதீங்கம்மா. அன்னைக்கு என்னையும் விடச் சொன்னீங்க. எனக்குக் கோபம் போகவே இல்ல. அவனுக்குக் கோபம் வரும்ல. வரட்டும்."

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சுள்ளியின் தலையில் ஒரு நொடி கையை வைத்தார். பிறகு பட்டனிடம் திரும்பினார்.

"சரி. கோபப்படு. ஆனா மெதுவா கோபப்படு. எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் தூங்கணும்."

பட்டன் மெதுவாகக் கோபப்பட்டான். ஆனால் முழுசாகக் கோபப்பட்டான். நுனிக்காலில் தங்குதங்கென்று நடந்தான். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் மறுகோடிக்குப் போனான். சுள்ளி கேட்ட தண்ணீரை அப்பா வழியாகக் கொடுத்தனுப்பினான். "அவகிட்ட சொல்லுங்கப்பா, தண்ணின்னு."

 மறுநாள் சுள்ளி ஒரு காலிப் பெட்டி, கொஞ்சம் அட்டை, பசை, முனை மழுங்கிய கத்தரிக்கோல் எல்லாவற்றையும் அவன் பக்கத்தில் வைத்தாள். அட்டையின் அடியை எப்படி மடிக்க வேண்டும் என்று ஒரே ஒரு கீற்றில் மடித்தும் வைத்தாள். எழுந்து போய்விட்டாள்.

வெகுநேரம் கூடத்தில் சத்தமே இல்லை. பிறகு அட்டை கிழியும் சத்தம். பிறகு முணுமுணுப்பு. "நில்லுடா. நில்லு. விழாத." ஒருதரம் எட்டிப் பார்த்தாள். தலைமுடியில் பசை அப்பியிருந்தது. "பாக்காத" என்றான். அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

விளக்குப் போடும் நேரத்துக்குப் பெட்டியை ஏந்திக்கொண்டு வந்தான்.

"இது உனக்குத்தான்."

குரலில் தேன் ஒழுகியது. அந்தத் தேனைச் சுள்ளிக்கு நன்றாகத் தெரியும்.

சுவர்கள் குடிகாரர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன. வழியைவிடக் கூரைதான் அதிகம். பார்த்த இடமெல்லாம் சுரங்கம். மூலையில் பச்சைக் கோலி தயாராக இருந்தது.

"வழியைத் தேடிப் பாரு" என்றான்.

சுள்ளி உட்கார்ந்தாள். பெட்டியைச் சாய்த்தாள். கோலி ஒரு சுரங்கத்துக்குள் போனது. டக். திரும்பி வந்தது. இன்னொன்றில் விட்டாள். டக். அதுவும் திரும்பி வந்தது. கூரையைத் தூக்கிப் பார்த்துவிடக் கை துடித்தது. தொடவில்லை.

பட்டன் எதிரில் உட்கார்ந்து முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டான். சட்டைப் பட்டன்கள் வழக்கம்போல் ஓட்டை மாறியிருந்தன. விழுந்த பல்லின் இடைவெளி தெரியச் சிரித்தான்.

டக்.

"டேய் பட்டன், இதுல வழி வச்சிருக்கியா, இல்லையா?"