மை காயும் வரை

காபி ஊற்றும்போது அல்முட் இரண்டு சொட்டு மேசையில் சிந்திவிட்டாள். மற்ற நாளென்றால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இன்றைக்கென்று மாமனார் எக்ஹார்ட் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவி வைத்திருந்தாரே தவிர, வாயில் வைக்கவில்லை.

"இந்தக் கைதானே ஒட்டுச்சு?" என்றார்.

கணவன் ஃபோல்கர் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தம்பி ஹென்னிங் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஜன்னலுக்கு வெளியே, பட்டறை வாசலில், டெர்ஹோர்ஸ்ட் பேக்கரியின் மூன்று வேன்கள் நின்றன. ஊரிலேயே பெரிய பேக்கரி. வேனின் பக்கவாட்டில் ஆளுயர ரொட்டியும் கோதுமைக் கதிரும் கடையின் பெயரும் பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சிட்டு ஒட்டியிருந்தன. அச்சடித்ததும் ஒட்டியதும் இந்தக் குடும்பத்தின் ஹோல்ட்காம்ப் பெயர்ப்பலகைப் பட்டறைதான். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஓரமெல்லாம் சுருண்டு, பெயரின் முதல் எழுத்து காற்றில் படபடக்க, அந்த வேன்கள் ஊர் முழுக்க ஓடியிருக்கின்றன. பார்த்தவர்கள் எல்லாம் ஹோல்ட்காம்ப் பட்டறையைச் சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

எக்ஹார்டுக்கு அதுதான் பொறுக்கவில்லை. கடைத்தெருவில் பாதிப் பெயர்ப்பலகை அவர் மாட்டியது. எந்தப் புயலிலும் ஒன்றும் கழன்றதில்லை.

"நான்தான் ஒட்டினேன் மாமா" என்றாள் அல்முட்.

"அப்போ இனிமே ஃபிலிமைத் தொடாத. போன் வந்தா எடு, அது போதும். மைஸ்டர் பள்ளிக்குப் போறேன்னு போன வாரம் வந்து நின்னியே... இந்தக் கையை வெச்சுக்கிட்டா?"

அவள் காபி ஜாடியை அடுப்படிக்கு எடுத்துப் போனாள். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் அழுதிருப்பாள்.

தொழிலில் தலைமை ஆசான் என்னும் மைஸ்டர் பட்டம் வாங்கியவர் கையில்தான் பட்டறை என்பது அந்த வீட்டுச் சட்டம். அல்முட் மருமகளாக வந்த புதிதில் அவளும் ஹென்னிங்கும் ஒன்றாகத்தான் தொழில் தேறினார்கள். இரண்டு பேருக்குமே மைஸ்டர் பள்ளியில் இடம் கிடைத்தது; தனக்குக் கிடைத்ததை அவள் மாமனாரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மாமியார் பக்கவாதத்தில் விழுந்தார். வீட்டில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். "எனக்குப் படிப்பெல்லாம் ஒத்துவராது, ஹென்னிங் போகட்டும்" என்று அல்முட் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மாமியாருக்கு ஊட்டினாள், புரட்டிப் படுக்கவைத்தாள், கடைசி மூச்சுவரை கூடவே இருந்தாள். நடுநடுவே பட்டறையிலும் நின்றாள். இருபது வருஷமாக மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்ன சொல்கிறார் தெரியுமா? "மருமக கைவேலைக்கு நல்லவ. மேல வரணும்னு ஆசைதான் கிடையாது." கேட்கிற நமக்கே வயிறு எரிகிறது, அவளுக்கு எரியாதா!

இப்போது நாற்பத்தைந்து வயதில், மூன்ஸ்டர் நகர மைஸ்டர் பள்ளியில் சேர வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டிருந்தாள். இலையுதிர் காலத்தில் வகுப்பு தொடங்குகிறது. தேர்வு வேலையைச் செய்து காட்ட ஒரு பட்டறை வேண்டும். அதற்கு எக்ஹார்டின் சம்மதம் வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

வேன்களைக் கழுவி, பழைய படத்தை உரிக்கும் வேலை மட்டும் அவளுக்கு மிஞ்சியது. முதல் துண்டை உரித்ததுமே முகர்ந்து பார்த்தாள். மை நெடி மூக்கைத் துளைத்தது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பிரிண்டரிலிருந்து வரும் படம் தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கும். அதை நம்பக் கூடாது. மைக்குள் இருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போக ஒன்றிரண்டு நாளாவது ஆகும். சுருளைத் தளர்த்தி நிற்கவைத்துக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மேலே லேமினேஷன் போட்டு மூடிவிட்டால், வெளியே போக வழியில்லாத ஆவி உள்ளே இறங்கிப் பசையைத் தின்றுவிடும். பிறகு யார் ஒட்டினால் என்ன, நிற்காது.

அந்தச் சுருளை அவளிடம் கொடுத்தது ஹென்னிங். "ஆறிடுச்சு அண்ணி, தைரியமா ஒட்டுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தான்.

போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஹென்னிங் போன குளிர்காலம் எப்படிக் கிடந்தான் என்று அவளுக்கல்லவா தெரியும். மனைவி விட்டுப் போன பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டவன். சூப்பைக் கொண்டுபோய்க் கதவடியில் உட்கார்ந்து, பேசிப் பேசி, கையைப் பிடித்துப் பட்டறைக்குக் கூட்டி வந்தவள் அவள்தான். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் மறுபடி அந்த அறைக்குள் போய்விடுவான் என்று பயந்தாள். உரித்த துண்டைக் குப்பைத் தொட்டியின் அடியில் போட்டு மூடினாள்.

பிரிண்டர் புதுப் படத்தைக் கக்கிக்கொண்டிருந்தது. நாளை மறுநாள் சனிக்கிழமை, ஊர்த் திருவிழா. அதற்குள் வேன்கள் வேண்டும் என்று பேக்கரிக்கார அம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், எக்ஹார்டும் வாக்குக் கொடுத்துவிட்டார். அச்சு முடிந்ததும் ஹென்னிங் சுருளைத் தூக்கிக்கொண்டு நேராக லேமினேஷன் இயந்திரத்துக்குப் போனான். அவன் முகம் வெளிறியிருந்தது. தெரிந்தேதான் செய்கிறான், அப்பாவிடம் நாள் கேட்கத் துணிச்சல் இல்லை.

அல்முட் குறுக்கே போய் இயந்திரத்தின் மேல் கையை வைத்தாள்.

"இது ரெண்டு நாள் நிக்கட்டும், ஹென்னிங்."

கதவருகில் எக்ஹார்டின் குரல் கேட்டது. "ஃபிலிமைத் தொடாதன்னு காலையிலதானே சொன்னேன்?"

"மன்னிச்சிருங்க மாமா. இதை மட்டும் நிக்க விடுங்க."

"எதுக்கு?"

அவள் வாயைத் திறக்கவில்லை. மை ஆறணும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனுஷர் மீதியைத் தானே கண்டுபிடித்துவிடுவார். வாழ்நாள் முழுக்கத் தூரிகை பிடித்தவர், ஈர வண்ணத்தின் மேல் வார்னிஷ் பூசினால் என்னாகும் என்று அவருக்கா தெரியாது? அவர் மருமகளைப் பார்த்தார், சுருளைப் பார்த்தார், கடைசியில் மகனைப் பார்த்தார்.

"போன தடவை சுருள் நின்னுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஹென்னிங்கின் கை சுருளோடு கீழே இறங்கியது. அதைப் பார்த்த அல்முட்டுக்குச் சாத்திய கதவுதான் கண்ணில் தெரிந்தது.

"நிக்கல மாமா. நான்தான் அவசரப்பட்டு லேமினேஷன் போட்டேன். தப்பு என்னோடது."

எக்ஹார்ட் மகனிடமிருந்து பார்வையை எடுத்து அவள் பக்கம் திரும்பினார். பிறகு, "ஒட்டத் தெரியலன்னா கத்துக்கலாம். பொறுமை இல்லாதவங்களுக்கு இங்க இடமில்ல. பள்ளிக்கூடத்தை மறந்துடு" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். மேலங்கியைக் கழற்றி மடித்து மேசை மேல் வைத்தாள். அதன் பையிலிருந்த கத்தியையும், ஃபிலிமைத் தேய்த்து ஒட்டும் பட்டையையும் எடுத்துப் பக்கத்திலேயே வைத்தாள். வாசலை நோக்கி நடந்தாள். அங்கே பட்டறையின் சொந்த வேனிலிருந்து ஏணியை இறக்கிக்கொண்டிருந்த ஃபோல்கர் எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தான்.

"அவ பொய் சொல்றா அப்பா" என்றான் அவன்.

"ஃபோல்கர், வேண்டாம்" என்றாள் அல்முட்.

"எனக்கு வேணும். லேமினேஷன் போட்ட அன்னிக்கு இவ என்கூட மூன்ஸ்டர்ல இருந்தா. மருந்துக்கடைப் பலகையை மாட்டுறதுக்கு விடியறதுக்கு முன்னாடி போய் இருட்டினப்புறம் வந்தோம். காலையிலயே நான் யோசிச்சிருக்கணும். இவளை நீங்க பேசுறப்போ வாய மூடிட்டு உக்காந்திருந்தேன் பாருங்க..." ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான்.

சுருள் தரையில் சாயும் சத்தம் கேட்டது. ஹென்னிங் இயந்திரத்தின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான் அப்பா. போன தடவை நீங்க திங்கட்கிழமைன்னு வாக்குக் குடுத்துட்டீங்க. முடியாதுன்னு வந்து சொல்ல பயமா இருந்துச்சு. அச்சடிச்ச அன்னிக்கே போட்டுட்டேன். உரிச்சப்போ அண்ணிக்குத் தெரிஞ்சிருச்சு. காட்டிக்குடுக்கல." முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டான். "இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் படிச்சேனே, அண்ணிக்கும் அங்க இடம் கிடைச்சிருந்துச்சு. அம்மா விழுந்ததும் படிப்பு வராதுன்னு உங்ககிட்ட சொன்னாங்க. அன்னிக்கு குளியலறையில அவங்க அழுதது எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டேன்."

எக்ஹார்ட் மேசைமேல் மடித்து வைத்திருந்த மேலங்கியைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றார்.

இருபது வருஷம் அடக்கியது அப்போதுதான் வெளியே வந்தது. "நீங்க எப்போ கேட்டீங்க மாமா? ஆசை இல்லாதவன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. உனக்கு என்னம்மா ஆசைன்னு ஒரு நாள் கேட்டீங்களா? அத்தைக்கு செஞ்சதுக்கு நான் வருத்தப்படல. இன்னொரு தடவையும் செய்வேன். ஆனா இன்னிக்கு என் கையைப் பார்த்து..." தேம்பலில் வார்த்தை அறுந்தது. ஃபோல்கர் வந்து தோளைப் பிடித்தான். அவள் உதறினாள். இரண்டாவது தடவை பிடித்தபோது உதறவில்லை.

எக்ஹார்ட் நேராகத் தொலைபேசிக்குப் போனார். வேன்கள் திருவிழாவுக்கு வராது, தப்பு முழுக்க என் வீட்டோடது, எங்களை நம்பினதுக்கு மன்னிக்கணும் என்று பேக்கரிக்கார அம்மாளிடம் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வந்ததை இரண்டு மகன்களும் அதற்கு முன் கேட்டதில்லை. பிறகு ஹென்னிங்கைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். திட்டவில்லை. "இனி முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. நான் கத்தினாலும் சொல்லு" என்றார்.

கடைசியாக மருமகளிடம் வந்தார். மடித்து வைத்த மேலங்கியை விரித்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கியபோது அந்தக் கையை விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் கைதானே..." என்று ஆரம்பித்தார். முடிக்க முடியவில்லை. கிழவரின் தலை அவள் தோளில் சாய்ந்தது. அல்முட் தன் அழுகையை மறந்து அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

ஜன்னலோர மேசை இனி அவளுடையது, தேர்வு வேலையை அங்கேதான் செய்ய வேண்டும் என்று அன்று மத்தியானச் சாப்பாட்டிலேயே எக்ஹார்ட் சொல்லிவிட்டார். மூன்ஸ்டருக்குக் காரில் கொண்டுபோய் விடும் பொறுப்பை ஹென்னிங்கே கேட்டு வாங்கிக்கொண்டான்.

சாப்பிட்டதும் எக்ஹார்ட் ஒரு நாற்காலியை இழுத்து, தளர்த்தி நிற்கவைத்த சுருளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் அங்கேயேதான் இருந்தார். பேக்கரியிலிருந்து வந்த ஓட்டுநர் எட்டிப் பார்த்தான், படத்தை விரலால் தொட்டான், காய்ந்துதானே இருக்கிறது, இன்னும் என்ன தாமதம் என்று கேட்டான்.

"கையை எடுப்பா" என்றார் கிழவர். "காய்ஞ்சுதா இல்லையான்னு என் மருமக வந்து சொல்லணும்."