அந்த மைக்க இப்படிக் குடுங்க

"அன்பார்ந்த பெரியோர்களே..."

"சொல்லுங்க."

றொசானா திடுக்கிட்டுத் திரும்பினாள். ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பஸ். ஜன்னல் கண்ணாடி முழுக்க மழை. அந்த மழையைப் பார்த்து மனதுக்குள்தான் பேசிக்கொண்டிருப்பதாக அவள் நினைத்திருந்தாள். சத்தம் எப்போது வெளியே வந்தது?

பக்கத்து இருக்கையில் ஒருவன். மடியில் ஒரு பெரிய குழாய் ஒலிபெருக்கியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலைமுடியில் இருந்து தண்ணீர் சொட்டியது. கண்கள் மட்டும் சிரித்தன... நல்ல கண்கள்தான். அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஒங்ககிட்ட பேசல."

"பெரியோர்களேன்னீங்க. என்னைய இதுவரைக்கும் யாரும் அப்புடி கூப்பிட்டதில்ல. மரியாதையா இருந்துச்சு, அதான்..."

"அடுத்தவங்க பேசுறத ஒட்டுக் கேக்குறதுதான் மரியாதையா?"

"கேக்குற தூரத்துல நீங்கதான பேசுனீங்க!" அவன் குழாயைச் சற்று நகர்த்தினான். "ஒண்ணு சொல்லட்டுங்களா? அன்பார்ந்தன்னு தொடங்குனா கூட்டத்துல பாதிப் பேரு போன எடுத்து நோண்ட தொடங்கிருவாங்க."

"பெரிய பேச்சாளரு மாதிரி சொல்றீங்க."

"மைக் செட் போடுறவன்ங்க. ஊரு டிக்கோயா. பேரு ஜீவராஜ். கல்யாணம், திருவிழா, கூட்டம்... எல்லாருடைய பேச்சையும் கேட்டுக் கேட்டு காது பழுத்துப் போச்சு."

அவள் எல்மிரா தோட்டத்துச் சந்தியில் இறங்கினாள். குடையை விரித்துத் திரும்பினால்... அவனும் இறங்கிக்கொண்டிருந்தான்.

"பின்னாலயே வர்றீங்களா?"

"ஐயோ, இல்லைங்க! ஞாயித்துக்கெழம இங்க ஏதோ கூட்டமாம். மைக் போட கூப்பிட்டிருக்காங்க."

றொசானா குடையை முகத்துக்கு இறக்கிக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில்தான் அவள் பேச வேண்டும்.

---

கார்த்திகை மழையில் மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை சரிந்து இறங்கியது. உயிர் யாருக்கும் போகவில்லை. ஆனால் வீட்டுச் சுவரெல்லாம் வெடிப்பு. அங்கிருந்த குடும்பங்கள் அன்றிலிருந்து பள்ளிக்கூடக் கட்டிடத்தில், சேலையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். இப்போது தோட்டத்தை நடத்தும் தொரையின் நிர்வாகம், வெடிப்பைப் பூசிவிட்டோம், திரும்பிப் போங்கள் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை அரசுப் பிரதேச செயலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா நேரில் வந்து கேட்கப் போகிறார்.

"டீச்சரு பேசட்டும்" என்று தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். மீனம்மா அக்காதான் அதற்குத் தலைமை. றொசானா முன்பள்ளி டீச்சர், உயர்தரம் படித்தவள், சிங்களமும் வரும். வேறென்ன வேண்டும்?

நாக்கு வேண்டுமே! நாலு வயதுப் பிள்ளைகள் முன்னால் யானையாகவும் குரங்காகவும் குதிப்பவள், பெரியவர்கள் பத்துப் பேர் பார்த்தால் உறைந்துபோவாள். பள்ளியில் தமிழ்த் தினப் போட்டி மேடையில் முதல் வரியோடு நின்று, அழுது, சிரிப்பொலிக்கு நடுவே இறங்கியவள். அதன்பிறகு சர்ச்சில் வேதம் வாசிக்கக்கூட அவள் எழுந்ததில்லை.

வீட்டில் அப்பா வேறு. அமிர்தநாதன் அந்தத் தோட்டத்துக் கங்காணி.

"தொரை முன்னாடி நான் இதுவரைக்கும் வாயத் தொறந்து பேசுனதில்ல. நீ தொறக்கப் போறியா? முன்பள்ளி கட்டடமும் தோட்டத்தோடதுதான்... அத மறந்துறாத."

"மேல் லயத்துப் புள்ளைங்க அந்த முன்பள்ளிக்குத்தான்ப்பா வருதுங்க."

அவர் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

சனிக்கிழமை மாலை, மைதானத்தில் மேடை போட்டிருந்த இடத்துக்கு மீனம்மா அவளை இழுத்துக்கொண்டு போனாள். ஜீவராஜ் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஓ, பெரியோர்களே!" என்றான்.

"வேற பேச்சு இல்லையா ஒங்களுக்கு?"

"மைக்க புடிச்சுப் பாருங்க. கேக்க அக்காவத் தவிர யாரும் இல்ல. நானும் வேணும்னா அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

அவன் உண்மையாகவே திரும்பிக்கொண்டான். மைதானத்தின் குறுக்கே மூடுபனி வந்துகொண்டிருந்தது. அவள், "வணக்கம்" என்றாள். அந்த ஒரு சொல் மலை முழுக்க மோதி, யாரோ ஒரு நடுங்கும் பெண்ணின் குரலாக அவளிடமே திரும்பி வந்தது. மைக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"பயம் எப்ப போகும்?" கேட்ட பிறகுதான், அதை அவனிடம் கேட்டுவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

ஜீவராஜ் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. "போகாதுங்க. பெரிய பெரிய ஆளுங்களுக்கே மேடைக்குப் பின்னால கை நடுங்குறத பார்த்திருக்கேன். நடுங்கிக்கிட்டேதான் போவாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "நான்லாம் அறிவிப்பு எழுதிக் குடுத்தா மட்டும்தான் வாசிப்பேன். சொந்தமா ஒரு வார்த்தை பேசச் சொன்னா... எனக்கும் வராது."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவனும் பார்த்தான். மீனம்மா செருமினாள்.

---

ஞாயிற்றுக்கிழமை. தொரை நாற்காலியில், பக்கத்தில் செயலகத்து அம்மா, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அப்பா. எதிரே ஈரப் புல்லில் ஊரே உட்கார்ந்திருந்தது.

"இப்ப டீச்சரு பேசுவாங்க" என்று ஒலிபெருக்கி அறிவித்தது.

றொசானா மேடையேறினாள். மைக்கைப் பிடித்தாள். முகங்கள்... முகங்கள்... வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. எங்கோ ஒரு குழந்தை சிரித்தது. தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கால்கள் பின்னுக்குப் போகப் பார்த்தன.

அப்போது மைக் அவள் கையிலிருந்து மெல்லக் கழன்றது. ஜீவராஜ்!

"டீச்சருக்கு கொஞ்சம் ஒடம்பு சரியில்ல போல... அவங்க சொல்ல வர்றது என்னான்னா..."

கூட்டம் மூச்சு விட்டது. தொரையின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அப்பாவின் முகத்திலும்தான். அந்த இரண்டு நிம்மதியும் றொசானாவின் உச்சந்தலையில் நெருப்பாக ஏறின.

"எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல" என்றாள். "அந்த மைக்க இப்படிக் குடுங்க."

"இல்லைங்க, நான்..."

"குடுங்க! இது நான் பேச வேண்டியது."

கை நடுங்கியது. குரலும் நடுங்கியது. நடுங்கட்டும்!

"என் முன்பள்ளிக்கு வர்ற மேல் லயத்துப் புள்ளைங்க, மழை சத்தம் கேட்டா மேசைக்கு அடியில போயி ஒளியுதுங்க. யாரும் சொல்லிக் குடுக்கல. வெளிய வாங்கன்னா, 'டீச்சர், மலை வருது'ங்குதுங்க. சுவரு பூசியாச்சுன்னு சொல்றீங்க. சந்தோசம். வெடிப்பு சுவத்துல மட்டுமா இருக்கு? மலையில இருக்கு. மலைய எந்த சிமெந்து போட்டுப் பூசுனீங்க?"

தொரை ஏதோ சொல்ல எழுந்தார். செயலகத்து அம்மா கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். "கியன்ன நங்கி" என்றார்... சொல்லு தங்கச்சி.

றொசானா சிங்களத்திலும் சொன்னாள். பிறகு மறுபடி தமிழில், கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "வேலைக்கு வர்றோம். கொழுந்து எடுக்குறோம். அந்த லயத்துக்கு மட்டும் போக மாட்டோம். பாதுகாப்பான எடத்துல காணி குடுங்க, நாங்க வீடு கட்டிக்கிறோம்."

"போக மாட்டோம்!" மீனம்மா எழுந்தாள். பிறகு ஒவ்வொருவராக எல்லாப் பெண்களும் எழுந்தார்கள்.

மலையை நிபுணர்கள் வந்து பார்த்துச் சொல்லும்வரை ஒரு குடும்பத்தையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று செயலகத்து அம்மா அந்த இடத்திலேயே உத்தரவு போட்டார். காணி பற்றி மேலே எழுதுவதாகவும் சொன்னார்.

மேடைக்குப் பின்னால் ஜீவராஜ் காத்திருந்தான். "நான் ஒங்களுக்கு ஒதவியாத்தான்..."

"ஒதவி கேட்டேனா? என் வாயி திக்குனா திக்கட்டும். அது என் வாயி." சொல்லிவிட்டு நடந்தாள்.

அப்பா அவளோடு வீடுவரைக்கும் நடந்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "சத்தமாத்தான் பேசுன" என்றார். அது திட்டா, பாராட்டா என்று அவருக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை.

---

பிறகுதான் தொந்தரவு தொடங்கியது. தொலைவில் எங்காவது ஒலிபெருக்கி கேட்டால் அவள் காது அந்தப் பக்கம் போனது. யார் குரல்... அவனா? அவனாக இருந்தால் எனக்கென்ன? கோபம் கரைந்த இடத்தில், திரும்பி நின்றுகொண்ட அந்த முதுகு ஞாபகம் வந்தது. நடுங்கிக்கிட்டேதான் போவாங்க என்ற குரல் ஞாபகம் வந்தது. ச்சே!

ஹட்டனுக்கு அப்பாவோடு சாமான் வாங்கப் போன நாளில் மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிலையத்துக் கூரைக்கு ஓடினால், அங்கே ஜீவராஜ். அவளைக் கண்டதும் அவனே முன்னால் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அன்னிக்கு நான் செஞ்சது தப்புங்க. நீங்க தோத்துருவீங்களோன்னு நான்தான் பயந்துட்டேன். அத சொல்லணும்... அப்பறம் இன்னொண்ணு... அது வந்து..." நின்றுவிட்டான். குரலை ஊரெல்லாம் விற்கிறவன், ஒரு வாக்கியத்தின் நடுவில் திணறிக்கொண்டிருந்தான்.

"யாரு புள்ள இது?" என்றார் அப்பா.

பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் பார்த்தது. பேசாமல் இருந்துவிடலாம்... எத்தனை சுலபம்!

"ஜீவராஜ்ப்பா. மைக் செட் போடுறவரு. எனக்கு இவர புடிச்சிருக்கு."

அமிர்தநாதன் அவன் நெற்றியிலிருந்த திருநீற்றைப் பார்த்தார். மகளின் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார்.

"கோயிலா, சர்ச்சான்னு நாளைக்கு ஊரு கேக்கும். என்னா சொல்லுவ?"

"கேக்கட்டும்ப்பா. நிக்க வச்சுக் கேட்டாலும் நின்னு பதில் சொல்லுவேன்."

அவர் கையிலிருந்த சாமான் பையைக் கீழே வைத்தார். பிறகு அவன் பக்கம் திரும்பினார். "அவ சொல்லிட்டா. நீ என்னா தம்பி, நின்னுக்கிட்டே இருக்க?"

ஜீவராஜ் மூச்சை இழுத்தான். உதடு துடித்தது. றொசானா உதவிக்குப் போகவில்லை, காத்திருந்தாள்.

"எனக்கும்..." என்றான். வரவில்லை. கண்ணை மூடித் திறந்தான். பிறகு, பஸ் நிலையத்தின் அந்தக் கடைசியில் நின்ற கொண்டக்டரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னான்:

"எனக்கும் ஒங்க மகள ரொம்பப் புடிச்சிருக்குங்க!"