பேப்பர்ல போட்டிருக்கு!

சீனி செத்துக் கிடந்தான்!

ரப்பர்ப்பால் ஸ்தோருக்குப் பின்னால்... கழுத்தில் ஒரே வெட்டு! ஈக்கள் வந்துவிட்டன. கத்தியைக் காணோம்.

எழுபத்தெட்டாம் வருடம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ரப்பர்த் தோட்டம். சீனி அங்கே தொழிலாளர் சங்கத் தலைவன். முதல் நாள் அவனோடு வாய்ச்சண்டை போட்டவன் மாயாண்டி. போதாதா? மத்தியானத்துக்குள் போலீஸ் ஜீப் மாயாண்டியை அள்ளிக்கொண்டு போனது.

சன்னாசி சீனன் கடை போனுக்கு ஓடினான். காலையில் கித்தா மரம் கீறி ரப்பர்ப்பால் எடுப்பான். மற்ற நேரத்தில் ஈப்போ பத்திரிகைக்கு நிருபர்.

"ஐயா, மாயாண்டி இல்லைங்க! எங்க தோட்டத்து மண்டோர், கங்காணி உடையப்பன்! கண்ணால பாத்த சனம் இருக்கு!"

மறுமுனையில் ஆசிரியர் விஸ்வலிங்கம். யாழ்ப்பாணத்துக் குரல்.

"பார்த்த ஆக்கள் பேர் சொல்லுவினமோ?"

"பயப்படுதுங்க... மண்டோர் வேலையப் புடுங்கிருவான். லயத்து வீட்ட விட்டுத் தொரத்திருவான்..."

"அப்ப பொலிஸ் சொன்னதுதான் செய்தி. நீர் வாயை மூடும்!"

டொக்!

மறுநாள் முதல் பக்கம்... 'கொலைகாரன் மாயாண்டி பிடிபட்டான்!' கீழே சன்னாசியின் பெயர்!

மாயாண்டியின் மனைவி இருளாயி அந்தத் தாளைக் கசக்கி சன்னாசியின் முகத்தில் எறிந்தாள்.

"தூ! என் புருசன் தூக்குல தொங்கணும்... ஒம் பேரு பேப்பர்ல வரணும்... அப்படித்தானே லா?"

"அக்கா, நான் சொன்னது இது இல்ல..."

"ஊரே சொல்லுது, பேப்பர்ல போட்டிருக்குன்னு! அப்புறம் நீ என்னடா இல்லங்கிறது?"

சன்னாசி தாளைக் குனிந்து எடுத்தான். நீவினான். மறுபடியும் சீனன் கடைக்கு நடந்தான். இந்த முறை போலீஸ் ஸ்டேசனுக்குப் போன்.

சாயங்காலம். கள்ளுக்கடை.

தினமும் அங்கே சன்னாசிதான் பேப்பரை உரக்கப் படிப்பான். மண்டோரிலிருந்து மற்ற அத்தனை பேரும் காதால் படிப்பவர்கள்.

"வந்துட்டாருடா சூரப்புலி!" உடையப்பன் பெஞ்சில் காலைப் பரப்பினான். "படி லா! மாயாண்டிய எப்படிப் புடிச்சாங்க? நல்லா சத்தமா படி!"

படித்தான். பக்கத்தைப் புரட்டினான். தொண்டையைச் செருமினான்.

"'கொலைக் கத்தி இன்னும் கிடைக்கவில்லை. இன்று மாலை மோப்ப நாய்கள் வருகின்றன. பால் ஸ்தோர் முழுவதும் சோதனை...'"

"ஒறஞ்ச கட்டிப்பால் நாத்தத்துல நாய்க்கு மயக்கம் வந்துரும் லா!" என்றான் குடித்துக்கொண்டிருந்த ஐயாவு.

"ஜெர்மன் நாய் மச்சான்! ஒன்னையே மோந்து பாத்துட்டு உசுரோட நிக்கும்!" என்றான் சன்னாசி.

கடையே சிரித்தது. உடையப்பன் சிரிக்கவில்லை.

எழுந்தான்.

"எங்க மண்டோரே?"

"ஒண்ணுக்கு!"

பாதிக் குவளைக் கள்ளு அப்படியே நின்றது. உடையப்பன் கள்ளை மிச்சம் வைத்து அந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை!

பால் ஸ்தோர். கட்டிப்பால் குவியல். தோள்வரை கையை விட்டுத் துழாவினான் உடையப்பன். கத்தி வந்தது.

கூடவே இன்னொரு கையும் வந்தது... அவன் மணிக்கட்டின் மேல்!

"தேடுனது கெடச்சிருச்சா மண்டோரே?"

இன்ஸ்பெக்டர் கார்த்திகேசு!

"நாய்ங்க... நாய்ங்க எங்க?" உடையப்பனுக்கு வாய் குழறியது. "பேப்பர்ல போட்டிருக்கே!"

உடையப்பனுக்கு விலங்கு பூட்டிவிட்டு இன்ஸ்பெக்டர் திரும்பினார். மூச்சிரைக்க வந்து நின்ற சன்னாசியை முறைத்தார்.

"ஏன்டா! ஸ்தோர்ல ஒளிஞ்சி நில்லுங்க, கொலைகாரன் வருவான்னு போன் பண்ணுன... வந்தேன். நாய் வருதுன்னு எவன்டா பேப்பருக்குச் சொன்னான்? எங்க ஸ்டேசன்ல பூனைகூடக் கெடையாது!"

அவன் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கினார். ரெண்டாம் பக்கத்தைப் பிரித்தார்.

அங்கே... முழங்கால்வரை கூந்தலோடு ஒரு பெண்ணின் படம். தைல விளம்பரம்!

"டேய்... இதுல ஒண்ணுமே இல்லையேடா!"

"ஐயா, துவான்... மொதப் பக்கத்துல மாயாண்டின்னு ஒரு பொய். ரெண்டாம் பக்கத்துல பத்தே நாள்ல முடி வளரும்னு ஒரு பொய்." சன்னாசி இன்ஸ்பெக்டரின் வழுக்கையைப் பார்த்தான். "என் பொய்க்குத்தான் துவான் உடனே பலன்!"