கவிழ்த்துப் போட்ட பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. பூட்டுக்குப் பக்கத்தில் கிராணி நின்றார்.

“இனிமே இது உப்புக் கிடங்கு. ஜப்பான் ஆபிசர் உத்தரவு,” என்றார் அவர். “கட்டடம் இருந்தா பள்ளிக்கூடம். கட்டடம் இல்லைன்னா பள்ளிக்கூடம் இல்லை. மாசம் பொறந்ததும் ஆபிசர் தோட்டத்தைப் பார்க்க வருவாரு. அன்னைக்கிலேருந்து பெரிய பிள்ளைங்க எல்லாம் புல்லு வெட்டப் போகணும்.”

தேயிலைத் தோட்டத்தில் ஆபிஸ் கணக்கு எழுதுகிறவரைத்தான் கிராணி என்பார்கள். வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில் இந்தக் கிராணி துரைக்குக் குனிந்தார். துரை ஊரைவிட்டு ஓடினதும், ஜப்பான்காரருக்கு இன்னும் கொஞ்சம் தாழ்வாகக் குனிந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளைக் கண்டால் மட்டும் அவருடைய முதுகு விறைப்பாக நிமிர்ந்துவிடும்.

“அப்போ எங்க பாடம்?” என்று கேட்டாள் பார்பரா.

“புல்லு வெட்ட பாடம் எதுக்கு லா?”

பார்பராவுக்குப் பதினோரு வயது. காதுவரை சூடேறியது. பக்கத்தில் நின்ற ஆர்தர் வாத்தியாரைப் பார்த்தாள். நல்ல மனிதர். ஆனால் கிராணி தும்மினால்கூட ‘சரிங்க’ என்பார்.

“வாத்தியாரே, ஏதாவது சொல்லுங்க!”

“என்னம்மா சொல்றது? கட்டடம் இல்லையே,” என்று வாத்தியார் தன் செருப்பிடம் சொன்னார்.

கோபம் வந்தால் பார்பரா ஓர் இடத்துக்குப் போவாள். அது அவர்கள் இருந்த மலாயாவின் கேமரன் மலையில் இல்லை. பிரான்சு நாட்டின் வடக்குக் கடற்கரையில் இருந்தது. போவதற்குக் கப்பல் வேண்டாம். லயத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி மறைவில் உட்கார்ந்து, பயாஸ்கோப்பைக் கண்ணில் வைத்தால் போதும்.

பயாஸ்கோப் என்பது இரண்டு கண்ணாடி பதித்த சின்ன மரக்கருவி. அதற்கு முன்னால் ஓர் அட்டையைச் செருக வேண்டும். அட்டையில் ஒரே மாதிரி இரண்டு பழுப்புப் படங்கள் இருக்கும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகி, கிட்ட இருப்பது கிட்டவும் எட்ட இருப்பது எட்டவும் தெரியும். கையை நீட்டினால் அந்த ஊர்க் கதவைத் தட்டிவிடலாம் போலிருக்கும்.

துரையின் மனைவி அந்தக் கடற்கரையில் பிறந்தவர். பார்பராவின் அம்மா லூர்தம்மாள் அவருடைய பங்களாவில் ஆயாவாக இருந்தாள். ஜப்பான் படை வருகிறது என்றதும் அவசரமாக மூட்டை கட்டிய துரைசாணி, இதைப் பார்பராவின் கையில் திணித்துவிட்டுப் போனார். வெள்ளைக்காரர் பொருளை வைத்திருந்தால் உதை விழும் காலம். “அடுப்புல போடு,” என்றாள் அம்மா. பார்பரா போடவில்லை.

“இன்னைக்கு எந்த ஊருடி?” என்று கேட்டபடி வேலாயி வந்து உட்கார்ந்தாள். பார்பராவின் ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

“சான் மாலோ. இந்தா, பாரு.”

வேலாயி பார்த்தாள். ஊரைச் சுற்றிக் கடல். கடலுக்கும் ஊருக்கும் நடுவே பெரிய கருங்கல் மதில். மதிலின் மேலேயே ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

“இது மேலயே நடந்து ஊரைச் சுத்திடலாம் போலிருக்கே!”

“நான் நேத்தே சுத்திட்டேன்.”

“காலு வலிக்கலை?”

“கண்ணுதான் வலிச்சுது.”

அடுத்த அட்டை ஓன்ஃப்ளோர். வேலாயி அதை ஓம்பளூர் என்பாள். அது சேலத்துக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று வாதாடுவாள். அங்கே துறைமுகத்தைச் சுற்றி ஒல்லி ஒல்லியான வீடுகள், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன.

“நம்ம லயத்தை எழுப்பி நிறுத்தினா இப்படித்தான் இருக்கும்,” என்றாள் வேலாயி. “சொவத்துல என்னடி, மீன் செதில் மாதிரி?”

“கல்லுத் தகடு. மழைக்குப் போட்டிருக்காங்க.”

அதே ஊரின் மாதாகோயில் அடுத்த அட்டையில் இருந்தது. முழுக்க முழுக்க மரம். உள்ளே நின்று எடுத்த படம். அண்ணாந்து பார்த்தால் கூரை வளைந்து வளைந்து போனது. வேலாயி கருவியைத் தலைகீழாகத் திருப்பினாள்.

“அடியே! இது படகு லா! யாரோ படகைக் கவுத்துப் போட்டிருக்காங்க!”

“ஆமா. நெசமாவே அப்படித்தான்,” என்றாள் பார்பரா. “அந்தக் காலத்துல அங்க பெரிய சண்டையாம். சண்டை முடிஞ்சப்போ கல்லை எல்லாம் கோட்டை கட்ட ராஜா எடுத்துக்கிட்டாராம். கோயிலுக்குக் கல்லு கிடையாது. ஊர்க்காரங்களுக்குப் படகு கட்ட மட்டும்தான் தெரியும். போய்யா, உன் கல்லை நீயே வெச்சுக்கோன்னு, படகு கட்டுற மாதிரியே கோயிலைக் கட்டிட்டாங்க. துரைசாணி சொன்னாங்க.”

சொல்லி முடித்ததும் பார்பரா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தக் கதையை எத்தனையோ தடவை வேலாயிக்குச் சொல்லியிருக்கிறாள். இன்றைக்குத்தான் அது அவள் காதிலேயே விழுந்தது.

“வேலாயி, அவங்களுக்குப் படகு தெரியும். நமக்கு என்ன தெரியும்?”

“கொழுந்து கிள்ளத் தெரியும்.”

“அதுக்கு அப்புறம்?”

“கூடை. எங்கம்மாவுக்குக் கூடை கட்டத் தெரியும்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மணியம்மாவைத் தேடி ஓடினார்கள்.

வேலாயியின் அம்மா மணியம்மா, கொழுந்து கிள்ளுகிறவர்கள் முதுகில் மாட்டும் மூங்கில் கூடைகளைப் பழுது பார்ப்பவள். பார்பரா சொன்னதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“கூடைக்குள்ள பள்ளிக்கூடமா? பிள்ளைங்களா, கொழுந்தா?”

“சிரிக்காதீங்கக்கா. எவ்வளவு பெரிய கூடை உங்களால கட்ட முடியும்?”

மணியம்மாவின் சிரிப்பு நின்றது. அந்த மாதிரி ஒரு கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

வேலை முடிந்த சாயங்காலங்களில், லயத்துக்குப் பின்னால் கிராணி எட்டிப் பார்க்காத திடலில் மூங்கில் வளைந்தது. பிள்ளைகள் பிரம்பு அறுத்து வந்தார்கள். பெண்கள் கட்டினார்கள். மாதாகோயில் கூரையின் மர விலா எலும்பு போலவே, மூங்கில் விலா எலும்பு ஒவ்வொன்றாக எழுந்தது. ஒதுங்கி நின்ற ஆர்தர் வாத்தியார் ஒரு நாள் மெதுவாக வந்து, ஒரு கழியைப் பிடித்துக்கொண்டார்.

கூரைக்குப் பெரணி இலையை வேய்ந்தார்கள். அன்று பெய்த மழை முழுவதும் வாத்தியாரின் தலையில் இறங்கியது.

“இங்க உப்பே ஜாடிக்குள்ள கரையுது. கூரை எப்படி நிக்கும்?” என்றாள் மணியம்மா. “இந்த மலையில ஈரம் புகாத பொருள் தேயிலைப் பெட்டி ஒண்ணுதான்.”

பார்பரா துள்ளி எழுந்தாள். “அப்போ பெட்டியைப் பிரிப்போம்!”

தேயிலைப் பெட்டி இல்லாத லயத்து வீடு கிடையாது. மெல்லிய பலகைப் பெட்டி. உள்பக்கம் ஈயத்தாள் ஒட்டியிருக்கும். ஃபேக்டரி கழித்துக் கட்டும் பெட்டியை ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார்கள். அரிசி இருந்த காலத்தில் அதில் அரிசி இருந்தது. இப்போது மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வாழ்கிறவர்களுக்கு அரிசிப் பெட்டி எதற்கு?

ஆனாலும் கொடுக்க மனம் வர வேண்டுமே. மணியம்மாவின் பெட்டியில் கோழி குடியிருந்தது. கோழியை வெளியேற்ற ஒரு போராட்டமே நடந்தது. பார்பராவின் வீட்டுப் பெட்டியில் அப்பா சூசைமுத்துவின் சட்டைகள் இருந்தன. அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு சேதியும் இல்லை.

“அப்பா வந்து பெட்டி எங்கன்னு கேட்டா?” என்றாள் லூர்தம்மாள்.

“பள்ளிக்கூடத்தைக் காட்டுவோம்மா.”

அம்மா பெட்டியைத் திறந்தாள். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சேலையில் மூட்டை கட்டினாள். காலிப் பெட்டியை மகளின் பக்கம் தள்ளினாள்.

பிரித்த பெட்டிப் பலகைகளை எப்படி அடுக்குவது என்பதற்கு ஒரு சண்டை நடந்தது. பார்பரா ஓன்ஃப்ளோருக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் ஏறி நிற்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் வழுக்கிக்கொண்டே போகும். ஈயத்தாள் பக்கம் வெளியே இருக்கட்டும் என்றாள் வேலாயி. அவரவர் பெட்டிப் பலகையை அவரவரே பிரம்பால் கட்டினார்கள். மிச்ச மூங்கிலில் பெஞ்சு போட்டார்கள்; வாத்தியார் ஒரு கரும்பலகை கொண்டு வந்தார்.

மாதம் பிறந்தது. கிராணி ஆபிசரை அழைத்துக்கொண்டு வந்தார். வெயிலில் தகதகவென்று மின்னியபடி நின்றது பள்ளிக்கூடம். ராட்சதன் ஒருவன் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போனது போலிருந்தது.

“என்ன இது! தோட்டத்துப் பெட்டி! களவு!” என்று கத்தினார் கிராணி.

“எங்க வீட்டுப் பெட்டி,” என்றாள் பார்பரா. “கட்டடம் இருந்தா பள்ளிக்கூடம்னு சொன்னது உங்க வாய்தானே? இதோ கட்டடம்.”

அவள் கையை நீட்டிப் பள்ளிக்கூடத்தைக் காட்டினாள்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆபிசர் கத்தியைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். கிராணியும் குனிந்தபடியே பின்னால் ஓடினார். அவருக்குப் பின்னால் பார்பராவும் மற்றப் பிள்ளைகளும் நுழைந்தார்கள். ஆபிசர் அண்ணாந்து பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் மலாய் தெரியும்.

“போச்சோர்?” என்று கேட்டார். ஒழுகுமா என்று அர்த்தம்.

“தாக் போச்சோர்,” என்றாள் பார்பரா. ஒழுகாது!

ஆபிசரின் முகம் மலர்ந்தது. வாசலைக் காட்டி ஏதோ சொன்னார். கிராணியின் முகம் அதைவிட மலர்ந்தது.

“ஆபிசருக்கு ரொம்ப சந்தோசம்! பழைய கிடங்கு ஒழுகி உப்பெல்லாம் தண்ணியாப் போகுதாம். மூட்டையை எல்லாம் இங்க கொண்டு வரச் சொல்றாரு. சபாஷ்டி பொண்ணே!”

உள்ளே இருந்த பிள்ளைகள் பார்பராவைப் பார்த்தார்கள். வாசலில் நனைந்துகொண்டு நின்ற அம்மாக்களும் பார்பராவைப் பார்த்தார்கள்.

பார்பரா மேலே பார்த்தாள். கிராணியின் தலைக்கு நேர் மேலே அவள் வீட்டுப் பலகை இருந்தது. பெஞ்சில் ஏறினாள். பிரம்பு முடிச்சை அவிழ்த்தாள். பலகையை உருவினாள்.

தண்ணீர் கிராணியின் தலையில் தொபதொபவென்று கொட்டியது.

“ஏய்! என்ன பண்றே?”

“பள்ளிக்கூடத்துக்குன்னு குடுத்தோம். பள்ளிக்கூடம் இல்லைன்னா எங்க பெட்டியை நாங்க எடுத்துட்டுப் போறோம்.”

“என்னோடதையும்!” என்று வேலாயி அடுத்த பெஞ்சில் தாவி ஏறினாள். கிராணி இந்தப் பக்கம் நகர்ந்தார். அங்கேயும் கொட்டியது.

“எங்க பெட்டி எங்க கோழிக்கு வேணும்!” என்று மணியம்மா உள்ளே வந்தாள். லூர்தம்மாள் வந்தாள். லயமே உள்ளே வந்தது. ஆளுக்கொரு முடிச்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் அவிழ்க்கவில்லை. யாரும் கையை எடுக்கவுமில்லை.

ஆபிசர் கூரையைப் பார்த்தார். கைகளைப் பார்த்தார். மூட்டை வந்தால் கூரை இருக்காது. அதைப் புரிந்துகொள்ள மலாய்கூடத் தேவையில்லை.

“ஐயா,” என்றது ஒரு குரல். ஆர்தர் வாத்தியார்! அவர் தன் செருப்பைப் பார்க்கவில்லை. ஆபிசரை நேராகப் பார்த்தார். “இனி செக்கோலா,” என்றார் மலாயில். ‘இது பள்ளிக்கூடம்’ என்று அர்த்தம்.

ஆபிசர் அவரை முறைத்தார். வாத்தியார் குனியவில்லை.

“செக்கோலா,” என்று கடைசியில் உறுமினார் ஆபிசர். மழையோடு மழையாக வெளியே நடந்தார்.

கிராணி சொட்டச் சொட்ட நின்றார். ஆபிசர் பின்னால் ஓடவா, இங்கேயே நிற்கவா என்று அவருக்கு விளங்கவில்லை.

பார்பரா தன் பலகையை மறுபடியும் கட்டினாள். கீழே இறங்கி, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“கிராணி ஐயா, மழை விடுறவரைக்கும் உட்காருங்க. ஆனா சத்தம் போடக் கூடாது. எங்களுக்குப் பாடம் இருக்கு.”

வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். மழை விட்டு, வெயில் அடித்து, கிராணி நழுவிப் போன பிறகும், அன்றைக்கு ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போகவில்லை.